காருக்கு ஒரு கீறல், கழுத்துக்கு ஆறு மாதம்

ஸ்காபரோவில், மார்க்கம் வீதி எல்ஸ்மியர் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் நிற்கவில்லை. சத்தம் அடங்கி நான் கதவைத் திறக்க முன்னமே ஒரு டோ ட்ரக் வந்து நின்றுவிட்டது. பொலிஸுக்கு நான் இன்னும் போன் அடிக்கவே இல்லை. இறங்கி வந்த தம்பி காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அக்கா, கழுத்து நோகுதோ? எங்களுக்குத் தெரிஞ்ச நல்ல கிளினிக் ஒண்டு இருக்கு. எல்லாம் இன்சூரன்ஸ் கட்டும்" என்று ஒரு கார்டை நீட்டினார்.

நோகவில்லை என்றேன். பொய்யில்லை, அப்போது உண்மையாகவே நோகவில்லை. பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து புட்டும் அவித்தேன். அடுத்தநாள் காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பூசணிக்காயைத் தூக்குவதுபோலத் தலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுதான் கட்டிலால் எழும்பினேன்.

அதற்குப் பிறகு சொந்தத்தில், வேலையிடத்தில், கோயிலில் யாருக்குப் பின்னால் கார் இடித்தாலும் போன் எனக்குத்தான் வருகிறது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "அக்கா, கைரோவுக்குப் போகலாமோ?" கைரோ என்றால் முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அசைத்து வைத்தியம் பார்க்கிற கைரோபிராக்டர். போகலாம், ஆனால் முதல் ஆளாக அவரிடம் போகாதேங்கோ, டோ ட்ரக் தம்பி தந்த கார்டை வைத்துக்கொண்டும் போகாதேங்கோ. ஒவ்வொருவருக்கும் அரை மணித்தியாலம் போனில் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், அடுத்தநாள் ஏன் நோகிறது?

விப்லாஷ் என்றால் சாட்டையடி. பின்னால் இடிபடும்போது சீட் உங்கள் முதுகை முன்னுக்குத் தள்ளும், தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். நடுவில் மாட்டுப்படுவது கழுத்து. கீழ்க் கழுத்து பின்னுக்கு வளைய, மேல் கழுத்து முன்னுக்கு மடங்கி, ஒரு கணம் பாம்பு நெளிவதுபோல நிற்கும். ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இது நடந்து முடிந்துவிடும், தசைகள் இறுகிக் கழுத்தைக் காப்பாற்ற நேரமில்லை. உள்ளே இழுபட்ட தசையும் தசைநாரும் மூட்டும் வீங்கி இறுகுவதற்குச் சில மணித்தியாலமோ ஒரு நாளோ எடுக்கும். ஆகவே விபத்து நடந்த இடத்தில் யார் கேட்டாலும் "எனக்கு ஒண்டுமில்லை" என்று உறுதியாகச் சொல்லிவிடாதேங்கோ. "இப்ப தெரியேல்லை" என்பதுதான் சரியான பதில். காருக்குப் பெரிய சேதமில்லை என்பதால் கழுத்துக்கும் சேதமில்லை என்று இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர் சொன்னால் அதையும் நம்பாதேங்கோ. மெதுவான இடியைப் பம்பர் தாங்கிவிடும். உங்கள் கழுத்தில் பம்பர் இல்லை.

முதலில் போக வேண்டிய இடம்

ஃபமிலி டொக்டரிடம், அல்லது வோக்-இன் கிளினிக்குக்கு. நோ கடுமையென்றால் எமேர்ஜென்சிக்கு. எங்கே போவதென்று தெரியாவிட்டால் ஒன்ராறியோவில் 811 அடித்தால் எந்த நேரமும் ஒரு தாதி கதைப்பார்.

நான் எமேர்ஜென்சியில் ஐந்து மணித்தியாலம் காத்திருந்தேன். வந்த டொக்டர் கழுத்தின் நடு எலும்பைத் தடவிப் பார்த்தார், கைவிரல்கள் விறைக்கிறதா என்று கேட்டார், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பச் சொன்னார், எக்ஸ்ரே தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஒரு படம்கூட எடுக்காமல் என்ன வைத்தியம்! பிறகுதான் அறிந்தேன், அவர் செய்தது அசட்டை இல்லை. ஒட்டாவா மருத்துவர்கள் ஆராய்ந்து 2001 இல் வெளியிட்ட கழுத்தெலும்பு விதி ஒன்று இருக்கிறது. வயது 65 அல்லது அதற்கு மேல், கார் உருண்டது அல்லது பெரு வேகத்தில் மோதியது, கைகாலில் விறைப்பு, இதில் ஒன்று இருந்தாலே படம் எடுப்பார்கள். இவை இல்லாமல், சாதாரணமாகப் பின்னால் இடிபட்டு, எழும்பி நடந்து, கழுத்தை இரண்டு பக்கமும் 45 பாகை திருப்ப முடிந்தால் படம் தேவைப்படாது. தயவுசெய்து இதை வைத்து வீட்டில் நீங்களே உங்களைச் சோதிக்காதேங்கோ. டொக்டர் படம் எடுக்காவிட்டால் என்னைப்போலக் கோபிக்காமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

டொக்டர் உங்கள் காயத்துக்கு ஒரு தரம் போடுவார். கியூபெக்கில் 1995 இல் ஒரு நிபுணர் குழு வகுத்த கணக்கு அது. நோவும் இறுக்கமும் மட்டும் என்றால் ஒன்று. அதோடு கழுத்து திரும்பாமல், தொட்டால் நோகிற இடங்களும் இருந்தால் இரண்டு. நரம்பு பாதிக்கப்பட்ட அடையாளம், கை விறைப்பு, பலக்குறைவு இருந்தால் மூன்று. எலும்பு முறிவோ விலகலோ என்றால் நான்கு. எங்களில் அனேகமானவர்கள் ஒன்றிலோ இரண்டிலோதான் நிற்போம். கைரோவுக்குப் போகலாம் என்று நான் சொல்வதும் இந்த இரண்டு தரத்துக்கும்தான். மூன்று என்றால் டொக்டர் சொல்லாமல் யாரையும் கழுத்தில் கைவைக்க விடாதேங்கோ. நான்கு ஆஸ்பத்திரிக்குரியது.

விபத்து நடந்து சில நாளுக்குப் பிறகும், தலை சுற்றி நிற்க முடியாமல் போனாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, கைகால் சோர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, முன்பு ஒருநாளும் இல்லாத மாதிரிக் கழுத்தோ தலையோ வெடிப்பதுபோல நொந்தாலோ, யோசிக்காமல் 911. அந்த நேரத்தில் கைரோவுக்கு அப்பொயின்ட்மென்ட் எடுக்கிற வேலை வேண்டாம்.

வீட்டில்

கழுத்துப் பட்டி வேண்டாம். மச்சாள் தன்னுடைய பழைய பட்டியைக் கொண்டுவந்து தந்தாள், அம்மா அதைக் கழற்றவே விடவில்லை. முதல் இரண்டு தரத்துக்கும் பட்டி போட்டு அசையாமல் வைத்திருந்தால் கழுத்து இன்னும் இறுகும், மாறுவதற்கும் நாள் எடுக்கும். நோகிற எல்லைக்குள் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கொரு தடவை, இடம் வலம், மேல் கீழ், மெதுவாக. தேத்தண்ணி கொதிக்கிற நேரம் போதும். ஐஸோ சுடுதண்ணிப் போத்தலோ, எது சுகம் தருகிறதோ அது. மாத்திரை டொக்டர் சொன்னபடி. சித்தாலேப தைலம் பூசலாம், கெடுதல் இல்லை, மணத்துக்கே பாதி நோ போனமாதிரி இருக்கும். பூசின கையால் கண்ணைக் கசக்காதேங்கோ, அவ்வளவுதான்.

"ஊரில் முறிவு நெரிவு பார்த்த ஒருத்தர் இங்கே பேஸ்மென்டில் இருக்கிறார், ஒரு திருப்புத் திருப்பினால் சரி" என்று யாராவது சொல்வார்கள். ஊர் வைத்தியரின் கைக்கு நான் மரியாதை கொடுக்கிறவள். ஆனால் ஒன்ராறியோவில் முதுகெலும்பு மூட்டை அதன் சாதாரண எல்லையைத் தாண்டி வேகமாகத் தட்டித் திருப்புவது சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட செயல். அதற்கென உரிமம் உள்ள சில துறையினர் மட்டும்தான் செய்யலாம். பேஸ்மென்டில் கழுத்துக்கு ஏதும் நடந்தால் கேட்க ஒரு இடமும் இல்லை.

இனிக் கைரோவுக்கு வருவோம்

இந்த வைத்தியத்தைத் தொடங்கிய டானியல் பாமர் 1845 இல் பிறந்தது எங்கள் பக்கத்து ஊரான பிக்கரிங்கில். ஸ்காபரோவிலிருந்து பார்த்தால் அடுத்த வீடு மாதிரி. பிறகு அமெரிக்கா போய், அயோவாவின் டேவன்போர்ட்டில் 1895 இல் ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடத் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைத் தட்டி, அவருக்குப் போயிருந்த காது கேட்கத் தொடங்கியது என்றார். அதிலிருந்து அனேகமாக எல்லா நோய்க்கும் முதுகெலும்பு விலகுவதுதான் காரணம் என்று ஒரு கொள்கையே கட்டினார். காதுக் கதையை நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இன்றைக்கும் ஒரு கிளினிக்கில் "கழுத்தைச் சரிபண்ணினால் உங்கட பிள்ளையின்ர ஆஸ்துமாவும் மாறும்" என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வாங்கோ.

அந்தக் கொள்கையோடு நிற்காத, படித்த, நிதானமான கைரோபிராக்டர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் 1945 இலிருந்து இதற்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போடவும் சட்டம் இடம் தருகிறது, ஆனால் மருந்து எழுத முடியாது. ஒன்ராறியோ கைரோபிராக்டர் கல்லூரியின் (இது படிக்கிற இடம் இல்லை, அவர்களுக்கு உரிமம் கொடுக்கிற அமைப்பு) பொதுப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நடந்திருந்தால் அதையும் அங்கே பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. மரக்கறி வாங்கும்போது வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்க்கிற நாங்கள் கழுத்தைக் கொடுக்க முன் இதைச் செய்யக்கூடாதா?

நான் முதலில் போன கிளினிக், எங்கள் சொந்தத்தில் ஒருவர் சொன்ன இடம். பெயர் வேண்டாம். உள்ளே போனவுடன் ஆறு மாதத் திட்டம், கிழமைக்கு மூன்று தடவை என்று எழுதி வைத்திருந்தார்கள். என் கழுத்தை அப்போது யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிறகு சூட்டுப் பொதி இருபது நிமிடம், மின்சார ஒட்டுப் பட்டிகள் பதினைந்து நிமிடம், கடைசியில் ஒருவர் வந்து மூன்று நிமிடம் கழுத்தில் படக் படக். "சத்தம் கேட்டுதோ? எலும்பு இடத்துக்கு வந்திட்டுது!" என்றார். எலும்பு இடம் மாறியிருந்தால் நான் ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பேன், அவர் மேசையில் இல்லை. அந்தச் சத்தம் மூட்டுக்குள் இருக்கிற நீரில் வாயுக் குமிழ் உண்டாவதால் வருவது. விரலைச் சொடுக்கினால் வருகிற அதே சத்தம்தான்.

ஒன்ராறியோ அரசின் பணத்தில், வீதி விபத்துக் காயங்களை எப்படிப் பார்ப்பதென்று ஓஷவாவில் ஒரு ஆய்வுக் குழு பெரிய அறிக்கையே தயாரித்தது. அதை நடத்தியவர்களில் கைரோபிராக்டர்களும் இருந்தார்கள், அதனால்தான் எனக்கு அதில் கூடுதல் நம்பிக்கை. புதிய கழுத்து நோவுக்கு, தரம் ஒன்றுக்கும் இரண்டுக்கும், அவர்கள் சொன்னது இது: விளக்கமும் தைரியமும் கொடு, அசைவுப் பயிற்சி கொடு, அதோடு சேர்த்துக் கையால் செய்யும் வைத்தியம் கொடுக்கலாம். பட்டி வேண்டாம், கிளினிக்கில் சூட்டுப் பொதி வேண்டாம், மின்சாரச் சிகிச்சை வேண்டாம். நான் முப்பத்தைந்து நிமிடம் படுத்துக் கிடந்ததெல்லாம் அந்த வேண்டாம் பட்டியலில்!

இரண்டாவதாகப் போன கைரோ ஒரு பெண்பிள்ளை, என் பெறாமகள் வயசு. முதல் நாள் முக்கால் மணித்தியாலம் கேள்விதான். எந்தப் பக்கத்தால் இடித்தது, தலையை எங்கே திருப்பி வைத்திருந்தேன், பிரெஷர் இருக்கா, இரத்தம் ஐதாக்கும் மருந்து குடிக்கிறேனா, எலும்பு தேய்வு இருக்கா. சின்னச் சுத்தியலால் கையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு சம்மதப் பத்திரத்தைத் தந்து, கையெழுத்து வைக்க முன் அதிலிருந்த ஒரு வரியைத் தானே வாசித்துக் காட்டினாள். கழுத்தை வேகமாகத் தட்டும்போது மிக அரிதாகப் பக்கவாதம் வரக்கூடும் என்ற வரி.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, மறைக்கவும் முடியாது. கழுத்தெலும்புக்குள்ளால் மூளைக்குப் போகிற இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால் இரத்தக்கட்டி உண்டாகிப் பக்கவாதம் வரலாம். ஒன்ராறியோ மக்களின் தரவுகளை வைத்து 2008 இல் வந்த ஆய்வு ஒன்று, கைரோவிடம் போனவர்களுக்குப் பக்கவாதத்தோடு இருந்த தொடர்பு ஃபமிலி டொக்டரிடம் போனவர்களுக்கும் இருந்தது என்று கண்டது. குழாய் ஏற்கெனவே கிழிந்து, அந்தக் கழுத்து நோவுக்குத்தான் இரண்டு பேரிடமும் போயிருக்கிறார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம். சரியாக இருக்கலாம். ஆனால் கார் இடித்ததிலேயே அந்தக் குழாய் கிழியலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கோ. கிழிந்திருக்கிற குழாயை ஒருவர் படக்கென்று திருப்புவது எனக்குச் சம்மதமில்லை. "பிள்ளை, கழுத்தைத் தட்டுற வேலை எனக்கு வேண்டாம், மெதுவா அசைக்கிறதெண்டால் செய்யுங்கோ" என்றேன். அவள் முகம் சுளிக்கவில்லை. மெதுவாக மூட்டை அசைக்கும் முறையும் இருக்கிறது, நோ குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றாள். நீங்களும் இப்படிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. கேட்டதற்கு முகம் கோணினால் அந்த இடம் உங்களுக்கானது இல்லை.

அவள் தந்த வேலை நான்கு பயிற்சிகள், ஒரு தாளில். நாடியை உள்ளே இழுப்பது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, கையால் தலையைத் தடுத்துக்கொண்டு கழுத்தால் தள்ளுவது, திருப்புவது. அடுத்தமுறை போனால் முதல் கேள்வி "செய்தனீங்களோ அன்ரி?" என்பதுதான். மேசையில் கிடந்ததைவிட அந்தத் தாள்தான் என்னை எழுப்பியது என்று நினைக்கிறேன்.

காசு, கையெழுத்து

கைரோவுக்கு அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் கட்டாது, 2004 டிசம்பரோடு அது நின்றுவிட்டது. கட்டுவது உங்கள் கார் இன்சூரன்ஸ், பிழை யாருடையதாக இருந்தாலும் முதலில் உங்களுடையதுதான். ஏழு நாளுக்குள் அவர்களுக்கு அறிவியுங்கோ. அவர்கள் அனுப்பும் விண்ணப்பத்தைக் கிடைத்து முப்பது நாளுக்குள் நிரப்பிக் கொடுங்கோ. விபத்தில் யாருக்கும் காயமென்றால் பொலிஸுக்கும் சொல்ல வேண்டும். வேலையிடத்துக் காப்புறுதியும் இருந்தால் யார் முதலில் கட்டுவது என்று சிகிச்சை தொடங்க முன்னமே கேளுங்கோ. இன்னொன்று, 2026 ஜூலை 1 இலிருந்து சம்பள இழப்புக்குத் தருகிற பணம் உட்படப் பல உதவிகள் பொலிசியில் கட்டாயமில்லை, விருப்பத் தேர்வுதான். புதுப்பிக்கிற கடிதம் வந்தால் குப்பைக்குள் போடாமல் வாசியுங்கோ.

விப்லாஷ் பெரும்பாலும் சிறு காயம் என்ற வகைக்குள் வரும். அதற்கு மொத்தச் சிகிச்சை எல்லை 3,500 டொலர். சிறு காயங்களுக்கான ஒன்ராறியோ வழிகாட்டியிலேயே ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. முதல் நான்கு கிழமைக்கு 775 டொலர், அடுத்த நான்குக்கு 500, கடைசி நான்குக்கு 225. போகப் போக நீங்கள் கிளினிக்குக்குப் போவது குறைந்து, வீட்டில் செய்வது கூட வேண்டும் என்பதுதான் இந்த விலைப் படியின் அர்த்தம். அப்படியிருக்க, ஆறு மாதத்துக்கு ஒரே மாதிரிக் கிழமைக்கு மூன்று தடவை என்று யாரும் எழுதினால், அது உங்கள் கழுத்தைப் பார்த்து எழுதியதா 3,500 டொலரைப் பார்த்து எழுதியதா என்று கேளுங்கோ.

வெறும் படிவத்தில் கையெழுத்து வைக்காதேங்கோ. போகாத நாளுக்குக் கையெழுத்து வைக்காதேங்கோ. "சப்பாத்து இலவசம், மசாஜ் இலவசம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவவின்ர பெயரிலயும் போடலாம்" என்று இழுப்பார்கள். அப்படி அந்த 3,500 டொலரும் முடிந்த பிறகு உண்மையாகவே நோ திரும்பி வந்தால் உங்கள் சொந்தக் காசில்தான் போக வேண்டும். பொய்க் கணக்கில் மாட்டினால் கிளினிக்காரர் வரமாட்டார், கையெழுத்து உங்களுடையது. எங்கள் ஆட்கள் நடத்துகிற இடம், எங்கள் பாஷையில் அன்பாகக் கதைக்கிறார்கள் என்பதற்காக நிறையப் பேர் இதில் விழுந்திருக்கிறார்கள். எனக்கு இதில்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் எரிச்சல்.

எத்தனை நாளில் மாறும்? அனேகருக்குச் சில கிழமையிலிருந்து மூன்று மாதத்துக்குள் நல்ல குறைவு தெரியும். பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குப் பிறகும் கொஞ்சம் நோ மிஞ்சியிருக்கலாம். எனக்கு ஆறு மாதம் எடுத்தது. ஆறு கிழமையாகியும் ஒரு முன்னேற்றமும் இல்லையென்றால் அதே மேசையில் படுத்துக் கிடக்காமல் ஃபமிலி டொக்டரிடம் திரும்பிப் போங்கோ. நித்திரை வராமல், கார் ஓட்டப் பயமாக, காரணமில்லாமல் அழுகை வந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கோ. எனக்கு மார்க்கம் வீதியில் கண்ணாடியில் பின்னால் கார் தெரிந்தாலே கை வேர்க்கும். வெட்கத்தில் நாலு மாதம் அதைச் சொல்லாமல் இருந்தேன், சும்மா நாலு மாதம் வீண்.

கடைசியாக ஒரு வேலை, காசில்லாதது. காரில் ஏறினவுடன் ஹெட்ரெஸ்ட்டைப் பாருங்கோ. அதன் மேல் விளிம்பு குறைந்தது காதின் மேற்பக்கத்துக்காவது வர வேண்டும், தலை உச்சி வரை வந்தால் இன்னும் நல்லது. தலைக்கும் அதற்கும் இடைவெளி 10 சென்டிமீற்றருக்குள் இருக்க வேண்டும். என்னுடையது அன்றைக்குப் பிடரிக்குக் கீழே கிடந்தது, கார் வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. இன்றைக்கே உயர்த்திவிடுங்கோ, அம்மா வழக்கமாக இருக்கிற சீட்டினதையும் சேர்த்து.